கழுதையோடைக் கல்வெட்டு

அந்த அணையை உடைத்தது என் கல்தான். ஆவாரம்பட்டியில் ஒருவர்கூட இதை என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. மரியாதை தெரிந்த ஜனங்கள். சிற்றணைகள் வாரியத்தின் அறிக்கையைப் பார்த்தாலோ, அணை உடையவே இல்லை. ஆகவே நானே சொன்னால்தான் உண்டு.

என் பெயர் வெங்கடேஷ்பாபு. மதுரை செல்லூரில் இரண்டு தறிக்கூடங்களுக்கு நடுவே, ஒரு ஆள் போனால் எதிரே வருகிறவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்தில் என் பட்டறை. வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிற தறிக்காரக் குடும்பம்தான். எனக்குத் தறிச் சத்தம் ஆகவில்லை, கிரானைட் பக்கம் வந்துவிட்டேன். அடிக்கல், திறப்பு விழாக் கல், கல்லறைக் கல் எல்லாம் செய்வேன். கம்ப்யூட்டரில் எழுத்து வெட்டி, அந்த ஸ்டிக்கரைக் கல்லில் ஒட்டி, மேலே வேகமாக மணலைப் பீய்ச்சினால் எழுத்து பள்ளமாக விழும். பிறகு தங்கப் பெயிண்ட். கல்லறைக் கல்லுக்கு வருகிறவர்கள் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்து அழுதுவிட்டுப் போவார்கள். திறப்பு விழாக்காரர்கள் ஸ்கேல் கொண்டுவந்து எழுத்தின் உயரத்தை அளப்பார்கள்.

சிற்றணைகள் வாரியம் எனக்கு ஏழு வருடப் பழக்கம். மழைக்காலத்தில் மட்டும் வெள்ளம் வந்து வீணாகப் போகும் ஓடைகளில் சின்னச் சின்னத் தடுப்பணை கட்டி, தண்ணீரை வயலுக்குத் திருப்பிவிடுவது அவர்கள் வேலை. நல்ல வேலைதான், நான் குறை சொல்லவில்லை. அவர்களிடம் ஒரு விதி உண்டு. முன்பெல்லாம் கல்வெட்டை அணைக்குப் பக்கத்தில் தனியே நட்டு வைத்தார்கள். ஓர் ஊரில் அதைப் பெயர்த்துக்கொண்டு போய்த் துணி துவைக்கப் போட்டுக்கொண்டார்கள். ஆய்வுக்குப் போன அதிகாரி, தன் பெயரின் மேல் ஒரு பெண் போர்வையை அடித்துத் துவைப்பதைப் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து கல்வெட்டு அணைச் சுவருக்குள்ளேயே பதிக்கப்பட வேண்டும் என்று உத்தரவு. அணை இருக்கிறதா என்று பார்க்கப் போகிறவர்களும் அதற்குப் பின் கல்லை மட்டுமே படமெடுத்து அனுப்பினார்கள். படத்தில் கல் இருந்தால் அணை இருக்கிறது என்று கணக்கு.

நாகமலைக்குப் பின்புறம், நாகமலை புதுக்கோட்டையிலிருந்து உள்ளே போனால் ஆவாரம்பட்டி. அதன் ஓரத்தில் கழுதையோடை. வருடத்தில் பத்து நாள்தான் ஓடும். ஆனால் மலையில் மழை பிடித்தால் மூன்று மணி நேரத்தில் ஆள் உயரத்துக்கு வந்து, மறுநாள் மத்தியானம் வெறும் மணலாகிவிடும். அங்கே ஒரு தடுப்பணை வேண்டும் என்று ஒன்பது வருடம் மனுக் கொடுத்தவள் பாண்டிச்செல்வி. நாற்பத்தைந்து வயது இருக்கும். அவளைப் பெற்றவர்கள் கடைசிவரை அடுத்தவர் வயலில்தான் களை எடுத்தார்கள், கதிர் அறுத்தார்கள். இவள் தன் கையால் ஒரு ஏக்கர் இருபது சென்ட் வாங்கினாள். ஓடையை ஒட்டிய நிலம். சின்ன வெங்காயம் போட்டுப் பரவை மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவாள்.

போன ஆவணியில் அணை கட்டி முடித்தார்கள். ஆள் உயரச் சுவர். சுவரின் தென்கோடியில் இரும்பு ஷட்டர் வைத்த மதகு. அதைத் திறந்தால் தண்ணீர் வாய்க்கால் வழியாக முதலில் பாண்டிச்செல்வியின் வயலுக்குப் போகும், பிறகு மற்றவர்களுக்கு. நான் முதல் கல்லைப் பதிக்கப் போனது அப்போதுதான். மூன்றடிக்கு இரண்டடி. மதகுக்குப் பக்கத்தில் பதித்தேன்.

பாண்டிச்செல்வி வந்து குனிந்து கல்லைத் தடவிப் பார்த்தாள்.

"எம்புட்டு வழுவழுப்புண்ணே! இம்புட்டுப் பேரு போட்டுருக்கு, மனுக் குடுத்தவ பேரு இல்லையே?"

"மனுக் கொடுத்தவங்களுக்கு வரிசை கிடையாதும்மா. திறந்து வைப்பவர், தலைமை, முன்னிலை, வரவேற்புரை, நன்றியுரை. அம்புட்டுதான்."

"சும்மா கேட்டேண்ணே. எனக்கு எதுக்குக் கல்லுல பேரு? பட்டாவுல இருக்கு. எங்க வகையறாவுலயே பட்டாவுல பேரு வந்த மொத ஆளு நாந்தான்." சிரித்துக்கொண்டே போய் எனக்கு மோர் கொண்டுவந்தாள்.

அந்தக் கல்லுக்குப் பத்து நாள்தான் ஆயுசு. வாரியத்தில் விழாப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அணை கட்டும் பிரிவில் நாலு பேர், விழாப் பிரிவில் பதினொரு பேர். அதற்குத் தலைவி பவதாரிணி மேடம். என்னைக் கூப்பிட்டு, இன்னும் ஆறு பெயர் சேர்க்க வேண்டும் என்றார். அதோடு இன்னொரு சங்கடம் இருந்தது.

"தலைமை விருந்தினரோட பேருக்கு நேர் கீழ கழுதைன்னு வருது பாருங்க. யார் கவனிச்சீங்க இதை?"

"ஓடை பேரே அதுதான் மேடம்."

"இனிமே எழிலோடை. ஆர்டர் போட்டாச்சு."

இரண்டாவது கல் ஐந்தடிக்கு மூன்றடி ஆயிற்று. பழைய கல்லைப் பெயர்த்து, சுவரை இன்னும் அகலமாக வெட்டிப் பதித்தேன். சுவரின் உள்பக்கம் ஒரு சாண்தான் மிச்சம் நின்றது. கட்டிடப் பொறியாளர் இம்மானுவேல் சாரிடம் இதைச் சொன்னேன். அவர் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு, "கல்வெட்டும் சுவரோட ஒரு பாகம்தான். ஆக, கனம் குறையல" என்றார்.

புரட்டாசியில் ஒரு மழை பெய்தது. சுவருக்குப் பின்னால் இடுப்பளவு தண்ணீர் நின்றது. பாண்டிச்செல்வி ஷட்டரைத் திருகித் திறந்தாள், வெங்காயம் நட நிலம் ஈரமாயிற்று, நட்டுவிட்டாள். ஒரு வாரத்தில் அவளுக்கு வாரியத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. திறக்கப்படாத அணையில் நீர் தேங்க இடமளித்ததும், தேங்கிய நீரைப் பயன்படுத்தியதும் ஏன் என்று ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும்.

அவள் மதுரைக்கு ஆபீசுக்கு வந்த அன்று நானும் மூன்றாவது கல்லின் மாதிரித்தாளோடு அங்கே உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது கல்லா என்று கேட்காதீர்கள். கேட்டால் எனக்கு வயிற்றெரிச்சல் வரும்.

"தண்ணி வந்தது தப்பில்லம்மா. தண்ணிக்கு ரூல்ஸ் தெரியாது. உங்களுக்குத் தெரியும்ல?" என்றார் இம்மானுவேல் சார். அவர் கெட்டவர் இல்லை. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே கிடையாது.

"மழை பேஞ்சுச்சு சார், தண்ணி வந்துச்சு. அதுக்குத்தான சார் அணை கட்டுனீக?"

"அணை கட்டியாச்சு. ஆனா இன்னும் திறக்கல. திறக்காத வரைக்கும் அது அணை இல்ல, பணி நடைபெறும் இடம்."

பவதாரிணி மேடம் பொறுமையாக விளக்கினார். "பாருங்கம்மா, விழா மலர்ல ரெண்டு படம் போடணும். முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. முன்னாடி படத்துல உங்க வயல் காய்ஞ்சு கெடக்கணும். பின்னாடி படத்துல பச்சையா இருக்கணும். இப்பவே பச்சையா இருந்தா, அணையால என்ன பிரயோசனம்னு கேப்பாங்கள்ல?"

"அதுக்காக நட்ட வெங்காயத்தக் காயவிடச் சொல்றீகளா மேடம்?"

"காயவிடச் சொல்லல. வேற யார் வயலையாவது காய்ஞ்சத எடுத்துக்கறோம். ஆனா மதகு இப்படித் திறந்து கிடக்கறது சரியில்ல."

அப்போதுதான் இம்மானுவேல் சாரின் பார்வை என் மாதிரித்தாள் மேல் விழுந்தது. ஏழடிக்கு ஐந்தடி. புதிதாகப் பதினாலு பெயர். சுவரில் இதை எங்கே வைப்பது என்று காலையிலிருந்து தவித்துக்கொண்டிருந்தார்கள். அவர் முகம் மலர்ந்தது.

"மதகு இருக்குற இடத்துல ஏற்கெனவே ஒரு துவாரம் இருக்கே! ரோட்டுலேர்ந்து பார்த்தாலும் நேரா தெரியும். ஷட்டரை எடுத்துட்டு அங்கேயே பதிச்சிருவோம்."

"சார், அது மதகு சார்" என்றேன். ஏதோ எனக்குத் தெரிந்தவரை.

"மதகு அடுத்த கட்டத் திட்டத்துல இருக்கு."

பாண்டிச்செல்வி எழுந்தே நின்றுவிட்டாள். "மதகு இல்லாம தண்ணி எங்கிட்டு சார் போகும்?"

"அதான் தடுப்பணைம்மா. தடுக்கறதுதான் அதோட வேலை."

நான் வேண்டாம் என்று எழுந்து வந்திருக்கலாம். வரவில்லை. ஷட்டரைக் கழற்றி, மதகை அகலப்படுத்தி, கல்லை வைத்து, சுற்றிலும் கலவை பூசியது இந்தக் கைதான். மூன்று நாளாவது நனைத்து ஈரம் காக்க வேண்டும் என்றேன். விழாத் தேதி முன்னுக்கு வந்துவிட்டது, ஒரு நாள்தான் தருவோம் என்றார்கள். வேலை முடிந்ததும் கல்லின் மேல் சிவப்புப் பட்டுத் திரை தொங்கவிட்டார்கள். திரை விலகும்வரை யாரும் அணையைத் தொடக்கூடாது என்று ஒரு போர்டும் வைத்தார்கள்.

விழா ஐப்பசியில் ஒரு புதன்கிழமை, காலை பத்தரை மணி. அதற்கு முந்தின இரண்டு நாளும் நல்ல மழை. நான் லோடு ஆட்டோவில் போய் இறங்கியபோது நாகமலை இருந்த இடமே தெரியவில்லை, அவ்வளவு கருப்பு. சுவருக்குப் பின்னால் தண்ணீர் விளிம்புக்கு அரையடி கீழே நின்றது. அதில் செவ்வந்திப்பூவைத் தூவி வைத்திருந்தார்கள், படத்துக்கு.

பந்தல் எங்கே என்று அப்புறம்தான் பார்த்தேன். அணைக்கு முன்பக்கம், ஓடையின் மணலிலேயே பந்தல் போட்டிருந்தார்கள். சமதரை, நிழல், கேமராவுக்கும் கல் நேராகத் தெரியும். முந்நூறு நாற்காலி. நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்களைச் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வேனில் ஏற்றிக்கொண்டு வந்து உட்கார்த்தியிருந்தார்கள். ஆளுக்கு ஒரு சாப்பாட்டு டோக்கன். தண்ணீர் வழிந்து பந்தல் நனையக்கூடாது என்று சுவரின் மேல் இரண்டு வரிசை மணல் மூட்டை அடுக்கி, அதன்மேல் பச்சைக் கம்பளம் விரித்திருந்தார்கள். மதகை அடைத்தாயிற்று, வழிவதையும் அடைத்தாயிற்று. அந்தத் தண்ணீருக்கும் முந்நூறு பேருக்கும் நடுவில் என் கல் நின்றது.

தலைமை விருந்தினர் நேரில் வரவில்லை. தலைநகரில் உட்கார்ந்தபடி அன்று ஒரே நாளில் இருபத்தாறு அணைகளைக் காணொலியில் திறக்கிறார். எங்களுடையது பத்தொன்பதாவது. பெரிய திரையில் முந்தைய அணைகள் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டுக்கொண்டிருந்தன. நாங்கள் எங்கள் முறைக்குக் காத்திருந்தோம்.

அந்த நேரத்தை நிரப்ப இம்மானுவேல் சார் பேசினார்.

"இந்தப் பகுதி விவசாயிகள் இதுவரை மழையை நம்பியிருந்தார்கள். இனி நம் வாரியத்தை நம்பலாம். மழை சொல்லாமல் வரும், சொல்லாமல் போகும். நம் வாரியம் அப்படியல்ல. ஒன்பது ஆண்டுகள் இந்த மனுவைப் பாதுகாத்து வைத்திருந்தோம். ஒரு தாள்கூடத் தொலையவில்லை!"

கைதட்டினார்கள். அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"இந்த அணை எப்பேர்ப்பட்ட உறுதி என்று கேட்கிறீர்களா? இதே இடத்தில் மூன்று முறை இடித்துக் கட்டியிருக்கிறோம். இவ்வளவு இடித்தும் நிற்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!"

நான் அவரைப் பார்க்கவில்லை. பட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் இடது கீழ்மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு நிறம் கருத்திருந்தது. ஈரம். கல்லின் அந்த மூலையில்தான் கலவை சரியாகப் பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். இரண்டு நிமிடத்தில் உள்ளங்கை ஒரு முழம் ஆயிற்று. பவதாரிணி மேடத்திடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் திரையைப் பார்த்தார், முகம் சுருங்கியது.

"யார் பன்னீர் தெளிச்சது இதுக்கு மேல? படத்துல கறை மாதிரி தெரியும். வேற திரை இருக்கா?"

"மேடம், தண்ணி வருது மேடம். கல் நகருது."

"பத்தொன்பதாவது வரட்டும் சார். இப்ப பதினாறு போய்க்கிட்டிருக்கு."

அவருடைய போன் அடித்தது. மலையடிவாரத்திலிருந்து ஆடு மேய்க்கிற யாரோ. ஒலிபெருக்கி மாதிரி கத்தியது எனக்கே கேட்டது. "கழுதையோடைல பெருவெள்ளம் வருதுங்க! ஆளுகளைக் கரையேத்துங்க!"

மேடம் கையிலிருந்த பட்டியலை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். "கழுதையோடைன்னு நம்ம பட்டியல்ல எதுவும் இல்லையே. நம்மது எழிலோடை. நீங்க அந்த ஓடைக்காரங்களுக்குச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்.

பாண்டிச்செல்வி அப்போது கரையில் நின்றிருந்தாள். அவளுக்கு அழைப்பிதழ் இல்லை, நோட்டீஸுக்கு இன்னும் பதில் தராதவள். அவள் தண்ணீரைத்தான் பார்த்திருக்கிறாள். செவ்வந்திப்பூ அத்தனையும் சுவரை நோக்கி வேகமாக நகர்ந்து வந்து, மணல் மூட்டையில் மோதிக் குவிந்துகொண்டிருந்தன. தண்ணீரின் நிறம் செம்மண்ணாக மாறிவிட்டது.

"ஏ முத்துமீனா! எந்திரி! எல்லாரும் மேல ஏறி வாங்கடி!"

முத்துமீனா அவள் தங்கை. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளோடு இருபது பேர் எழுந்தார்கள். உடனே ஒலிபெருக்கியில் மேடத்தின் குரல் வந்தது. "யாரும் எழுந்திருக்கக் கூடாது. கேமரா ஓடுது. எழுந்தவங்களோட டோக்கன் செல்லாது."

முத்துமீனா அக்காவைப் பார்த்தாள், மேடையைப் பார்த்தாள், உட்கார்ந்துவிட்டாள். காலையிலிருந்து பட்டினி கிடக்கிற பெண்கள், அவர்களைச் சொல்லி என்ன செய்ய? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மைக்கைப் பிடுங்கி எறிந்திருக்கலாம். எறியவில்லை.

பாண்டிச்செல்வி மறுபடி கத்தவில்லை. கரைமேல் நடந்து மதகு இருந்த முனைக்கு வந்தாள். அங்கே தேங்கிய தண்ணீருக்கும் அவளுடைய வாய்க்காலுக்கும் நடுவே, மதகை அடைத்தபோது புதிதாகக் கொட்டிய மண்கரை ஒன்றுதான் தடுப்பு. அதை வெட்டினால் தண்ணீர் அணையைச் சுற்றிக்கொண்டு பள்ளத்தில் இருக்கும் அவள் வயலில் இறங்கும். வெட்டாவிட்டால் கல்லைத் தள்ளிக்கொண்டு பந்தலில் இறங்கும். வெங்காயம் பிடுங்க இன்னும் இருபது நாள்தான் இருந்தது. முற்றுவதற்கு அடையாளமாக வெங்காயத் தாள் சாயத் தொடங்கியிருந்தது.

நான் ஓடிப் போனபோது அவள் மண்வெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வயலைப் பார்த்து நின்றாள்.

"அண்ணே, வேற வழி எதுவும் இருக்காண்ணே?"

"இல்லம்மா."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்கண்ணே."

நான் நன்றாகப் பார்த்தேன். "இல்லம்மா" என்றேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழவில்லை. சத்தம் போட்டு அழுதுகொண்டேதான் வெட்டினாள். ஆட்டோவிலிருந்த என் கடப்பாரையை எடுத்து வந்து நானும் குத்தினேன். ஏழெட்டு வெட்டில் ஒரு கை அகலத்துக்குத் தண்ணீர் நுழைந்தது. அதற்கு மேல் எங்களுக்கு வேலை இருக்கவில்லை. மண்ணைக் கரைத்துக்கொண்டு அது தானே வழி செய்துகொண்டது. கரை சரிந்தது. கரையோடு சேர்ந்து, மூன்று முறை வெட்டப்பட்ட சுவரின் தென்கோடியும் மெதுவாகத் திரும்பியது. என் கல் பட்டுத் திரையோடு ஒருமுறை நிமிர்ந்து நின்று, அப்புறம் வாய்க்கால் பக்கமாகச் சாய்ந்து வெள்ளத்தோடு போயிற்று. பந்தலுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர்தான் வந்தது. பெண்கள் நாற்காலியை விட்டு எழுந்து கரையேறினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அந்த நேரத்தில்தான் பத்தொன்பது வந்தது.

பெரிய திரையில் தலைமை விருந்தினர் தோன்றினார். பொத்தானை அழுத்தினார். கேமராக்காரன் நல்லவன், கேமராவை வயல் பக்கம் திருப்பியிருந்தான். வெள்ளம் நுரைத்துக்கொண்டு பாண்டிச்செல்வியின் வெங்காயப் பாத்திகளின் மேல் ஏறுவதைத் தலைமை விருந்தினர் கண்ணால் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"பாருங்கள்! பொத்தானை அழுத்திய உடனேயே விவசாயியின் வயலுக்குத் தண்ணீர் பாய்கிறது! மற்ற பதினெட்டு இடங்களிலும் இந்த வேகத்தை நான் பார்க்கவில்லை!"

இம்மானுவேல் சார் கணுக்கால் நனைந்தபடி நின்று கைதட்டினார். மேடம் தட்டினார். கரையில் நின்ற பெண்களையும் தட்டச் சொன்னார்கள். டோக்கன் கையில் இருந்ததால் ஒரு கையால் தொடையில் தட்டினார்கள்.

மறுநாள் தண்ணீர் வடிந்தது. வயலில் முழங்கால் அளவு மணல். ஒரு ஏக்கர் இருபது சென்டில் ஓரமாக நாலு பாத்தி வெங்காயம் மட்டும் தப்பியிருந்தது. நடுவயலில், முகம் வானத்தைப் பார்த்தபடி, ஒரு முனை உடைந்து என் கல் கிடந்தது. தங்க எழுத்து ஒன்றுகூட அழியவில்லை. என் வேலை அப்படி.

வாரியத்தின் அறிக்கை பத்து நாளில் வந்தது. இம்மானுவேல் சார் பெருமையோடு எனக்கும் ஒரு பிரதி கொடுத்தார். 'திறப்பு விழா நாளன்றே ஒரு ஏக்கர் இருபது சென்ட் நிலம் வெள்ளநீர்ப் பாசன வசதி பெற்றது. வயலுக்குக் கணிசமான மணற்செறிவும் கிடைத்தது. அணையின் தென்பகுதி தடையற்ற நீர்வழியாக மேம்பட்டுள்ளது. முதல் பயனாளி: திருமதி பாண்டிச்செல்வி.' பழைய நோட்டீஸும் பெருந்தன்மையோடு திரும்பப் பெறப்பட்டது.

அதற்கடுத்த வாரம் ஊருக்குள் கிரேன் வந்தது. மணலை அள்ளத்தான் வந்திருக்கிறது என்று பாண்டிச்செல்வி முன்னால் ஓடி வழி காட்டியிருக்கிறாள். வண்டி, தப்பியிருந்த நாலு பாத்தி வெங்காயத்தின் மேல் ஏறி நடுவயலுக்குப் போனது. கல்லைத் தூக்கியது, தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள், துணியில் சுற்றினார்கள். அரசாங்கச் சொத்து. போகும்போது அதே நாலு பாத்தி வழியாகத்தான் போனார்கள்.

முனை உடைந்த கல் மறுபடி ஆகாது என்று எனக்கு நாலாவது கல்லுக்கு ஆர்டர் வந்தது. பத்தடிக்கு ஆறடி, இரண்டு பக்கமும் பாலிஷ். எங்கே பதிப்பது, அந்த இடத்தில் சுவரே இல்லையே என்று கேட்டேன்.

"முதல்ல கல்லை நிறுத்திருவோம் வெங்கடேஷ்பாபு" என்றார் இம்மானுவேல் சார். "கல்லைச் சுத்தி அணையக் கட்டிக்கலாம்."

முப்பத்தேழு பெயர். கடைசி வரியில், அரை அங்குல எழுத்தில், 'முதல் பயனாளி: திருமதி பாண்டிச்செல்வி'.

ஆறு நாள் கழித்து அவளே பட்டறைக்கு வந்தாள். சந்தில் வழி கேட்டுக் கேட்டு வந்திருக்கிறாள், தறிச் சத்தத்தில் யார் சொன்னதும் அவளுக்குக் கேட்கவில்லையாம். இப்போது வேறு ஆள் வயலில் கூலிக்குக் களை எடுப்பதாகச் சொன்னாள். மணலை எப்போது எடுப்பார்கள் என்று ஆபீசில் கேட்டாளாம். அது பாசன வசதி, எடுக்க விதி இல்லை என்றார்களாம்.

சுவரில் சாய்த்து வைத்திருந்த கல்லைப் பார்த்தாள். அவள் பெயரை அவளே தேடிக் கண்டுபிடித்தாள்.

"இத எடுக்க முடியாதாண்ணே?"

"ஒப்புதல் ஆகி வந்துருச்சும்மா. எடுத்தா வேற ஆளுகிட்ட குடுத்துப் போட்டுருவாக. என்னை மன்னிச்சுக்க பாண்டிச்செல்வி. அந்த மதகுல கல்லு வச்சது நான்."

"தெரியும்ண்ணே" என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

கல்லின் பின்புறம் போய், இன்னும் வேலை செய்யாத பக்கத்தைக் கையால் தேய்த்துப் பார்த்தாள்.

"இங்கிட்டும் வழுவழுன்னு ஆக்கிருவீகளா?"

"ஆர்டர் அப்படித்தான்."

"ஆக்காதீகண்ணே. சொரசொரப்பாவே விட்டுருங்க."

"எதுக்கும்மா?"

"அடுத்த வெள்ளத்துக்கும் இது என் வயலுக்குத்தான வரப்போகுது? இந்தத் தடவ கிரேன் வர்றதுக்குள்ள ஆள வச்சுக் கவுத்திப் போட்டுருவேன். வயல்தான் போச்சு, துணி தொவைக்கவாச்சும் ஆகட்டும். வாரேண்ணே, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அவள் போன பிறகு வாசலுக்கு வந்து பார்த்தேன். மேற்கே நாகமலைப் பக்கம் மறுபடி கருத்துக்கொண்டு வந்தது. பாலிஷ் மிஷினை எடுத்து முன்பக்கத்தை முடித்தேன். பின்பக்கத்தைத் தொடவில்லை.